கறுப்புக்குக் காரணம் மணத்தக்காளி அல்ல

பேரா மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கமுள்ள ஒரு தோட்டப்புறப் பட்டணத்திலிருந்து 48 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம். சுருக்கமாகச் சொன்னால் இதுதான்.

கணவருக்கு 54 வயது. செம்பனைத் தோட்டத்தில் 20 ஆண்டுக்கு மேல் வேலை, இப்போது மண்டோர் (தொழிலாளர்களை மேற்பார்ப்பவர்). எட்டு ஆண்டாகச் சர்க்கரைக்கு மெட்ஃபோர்மின் எடுக்கிறார். முழங்கால் வலிக்கு ஓர் ஆண்டாகப் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய ‘மூலிகைக் கேப்சூல்’. வலி கூடும் நாள்களில் அதோடு போன்ஸ்டான் என்ற வலி மாத்திரையும் உண்டு. மூன்று மாதமாக மேல்வயிற்றில் எரிச்சல். இரவு இரண்டு மணிக்கு எழுப்பிவிடுகிறது. அவ்வப்போது வாய்ப்புண்ணும் வருகிறது. மாமியார் சொன்ன வைத்தியம்: காலையில் வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ் பச்சை மணத்தக்காளிச் சாறு, பகலில் ஒரு கைப்பிடி பழம், இரவில் கீரை. வலி குறைந்தது போல இருந்தது. ஆனால் பத்து நாளாக மலம் கறுப்பாகப் பிசுபிசுவென்று, நாற்றத்தோடு போகிறது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. “கறுப்புப் பழம் தின்றால் கறுப்பாகத்தானே போகும்” என்கிறார் மாமியார். மருந்தை விடாமல் எடுத்தும் சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது. கிளினிக்குக் கூப்பிட்டால் “ஒரு நாள் சம்பளம் போகும்” என்கிறார் கணவர். மகள் இணையத்தில் தேடிவிட்டு இது கொடிய விஷச்செடி என்று பயமுறுத்துகிறாள். பேரன் பச்சைக் காயைப் பறித்துத் தின்று ஒரு மாலை முழுக்க வாந்தி எடுத்திருக்கிறான். வாசகியோ வற்றலும் இலைப்பொடியும் செய்து ‘அல்சர், சர்க்கரை குணமாகும்’ என்று வாட்ஸ்அப்பில் விற்கலாமா என்று யோசிக்கிறார். கடிதத்தின் கடைசியில், பேச்சோடு பேச்சாக இன்னொரு வரி: மாமியாருக்கும் கன்னத்தின் உள்பக்கம் ஒரு புண், இரண்டு மாதமாக ஆறவில்லை, அவரும் கீரையை மென்று அடக்கிக்கொள்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே ‘இன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்’ என்று இரண்டு வரி அனுப்பியிருந்தோம். போயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இன்னும் போகவில்லையென்றால், இதைப் படித்து முடிக்கக்கூட வேண்டாம். மிச்சத்தை அவசரப் பிரிவில் வரிசையில் உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம். அரசாங்க ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்).

நீங்கள் கேட்டது மணத்தக்காளியைப் பற்றி. அதற்கு விரிவாகவே பதில் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் அந்தக் கறுப்பு.

பழத்தின் கறுப்பும் இரத்தத்தின் கறுப்பும்

இரைப்பையிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ புண் கசிந்தால், அந்த இரத்தம் சிவப்பாக வெளியே வராது. குடல் முழுக்கப் பயணம் செய்யும்போது அமிலமும் நொதிகளும் கிருமிகளும் சேர்ந்து அதைக் கறுப்பாக்கிவிடும். அப்படிப் போகும் மலம் ரோட்டுக்கு ஊற்றும் தார் மாதிரி பளபளக்கும், ஒட்டும், இரண்டு தடவை தண்ணீர் அடித்தாலும் கோப்பையை விட்டுப் போகாது. நாற்றமும் வழக்கமான நாற்றமாக இருக்காது. ஒரு தடவை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். இவ்வளவுக்கும் 50 முதல் 100 மில்லி இரத்தம் கசிந்தாலே போதும், அதாவது அரை டம்ளருக்கும் குறைவு.

மணத்தக்காளிப் பழத்தின் கருநீலம் ஆந்தோசயனின் என்ற சாயம். நாவல் பழத்தில் இருப்பதும் அந்த வகைதான். நாக்கையும் விரலையும் கறையாக்கும். ஆனால் அதில் பெரும்பகுதி குடலிலேயே சிதைந்துவிடும். ஒரு கைப்பிடி பழத்தால் மலத்தின் நிறம் கொஞ்சம் மங்கலாம், தார் போல் ஆகாது. இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கருக்கும். ஆனால் அது கரும்பச்சையாக, கட்டியாகப் போகும், ஒட்டாது. ஆகவே நிறத்தை மட்டும் பார்க்காதீர்கள், பிசுபிசுப்பையும் நாற்றத்தையும் பாருங்கள். உங்கள் கணவருக்கு இரண்டும் இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். படியேறினால் மூச்சு வாங்குவது இரத்தம் குறைந்துவிட்டதற்கான அடையாளமாகத்தான் எனக்குப் படுகிறது. ‘பழத்தை நாலு நாள் நிறுத்திப் பார்ப்போம்’ என்ற சோதனைக்கு இங்கே இடமில்லை. காப்பித் தூள் கலந்தது போல வாந்தி, எழுந்து நின்றால் கண் இருட்டுவது, குளிர்ந்த வியர்வை, இவற்றில் ஒன்று வந்தாலும் கார் தேடாமல் 999 அழையுங்கள்.

பிறகு எப்படி வலி குறைந்தது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சிறுகுடல் தொடக்கத்தில் வரும் புண்ணுக்கு ஒரு குணம் உண்டு: வயிறு காலியாக இருக்கும்போது வலிக்கும், சாப்பிட்டதும் அடங்கும், இரண்டு மூன்று மணி நேரத்தில் திரும்பும், நடுராத்திரி எழுப்பும். தேங்காய்ப்பால் விட்ட கீரை அமிலத்தை ஒன்றிரண்டு மணி நேரம் தணித்திருக்கும். பாலும் பிஸ்கட்டும் கொடுத்திருந்தாலும் அதேதான் நடந்திருக்கும். இன்னொன்று, இந்தப் புண்கள் தாமாகவே சில வாரம் தணிந்து மறுபடி கிளம்புபவை. தணியும் வாரத்தில் எது வாயில் இருந்ததோ அதற்குப் பெயர் கிடைத்துவிடும்.

புண்ணுக்கு உண்மையான காரணம் எங்கே?

இரண்டு இடத்தில் தேட வேண்டும். ஒன்று ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. காரமும் கவலையும்தான் அல்சருக்குக் காரணம் என்று ஊர் உலகமே நம்பியிருந்த காலத்தில், 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் இந்தக் கிருமியைப் பிரித்துக் காட்டினார்கள். 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. மலேசியாவில் மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடம் இது அதிகம் என்பது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். மூச்சுப் பரிசோதனையிலோ, மலப் பரிசோதனையிலோ, குழாய் விட்டுப் பார்க்கும் ஓ.ஜி.டி.எஸ். பரிசோதனையிலோ கண்டுபிடித்துவிடலாம். கிருமி இருந்தால் அமிலம் குறைக்கும் மாத்திரையோடு இரண்டு வகை ஆன்டிபயாட்டிக், வழக்கமாக 14 நாள். பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். முடித்துக் குறைந்தது நான்கு வாரம் கழித்து, கிருமி போய்விட்டதா என்று மறுபடி சோதிக்க வேண்டும். அந்தக் கடைசிப் படியைத்தான் நம்மவர்கள் விட்டுவிடுகிறார்கள். மருந்துக்கடையில் நீங்களாகவே ஓமிப்ரசோல் என்ற அமிலம் குறைக்கும் மாத்திரையை வாங்கிக் கொடுத்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சோதனைக்கு இரண்டு வாரம் முன்பே அதை நிறுத்தாவிட்டால், கிருமி இருந்தும் இல்லை என்று காட்டும்.

இரண்டாவது இடம் அந்த ‘மூலிகைக் கேப்சூல்’. கடிதத்திலேயே என்னை அதிகம் உறுத்தியது இதுதான். போன்ஸ்டான் போன்ற வலி மாத்திரை இரைப்பையின் பாதுகாப்புச் சளிப் படலத்தைக் கெடுக்கும், அது தெரிந்ததே. ஆனால் மூட்டு வலிக்கு என்று சந்தையில் விற்கும் பதிவில்லாத ‘ஜாமு’, மூலிகைச் சரக்குகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை ஒளித்துக் கலப்பதை நம் சுகாதார அமைச்சு பல தடவை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டும் போன்ஸ்டானும் ஒரே வயிற்றில் சேர்ந்தால் புண்ணும் இரத்தக் கசிவும் வரும் அபாயம் பல மடங்கு. இந்த ஸ்டீராய்டு சர்க்கரையையும் ஏற்றும். ‘மருந்தை விடாமல் எடுத்தும் சர்க்கரை ஏறுகிறது’ என்று எழுதியிருந்தீர்களே, அதற்கும் விடை இங்கேயே இருக்கலாம். முகம் உருண்டு உப்பியிருக்கிறதா, பசி கூடியிருக்கிறதா, லேசாக இடித்தாலே தோல் கன்றிப்போகிறதா, கேப்சூல் தொடங்கிய இரண்டாம் நாளே வலி மாயமாக மறைந்ததா என்று யோசித்துப் பாருங்கள்.

போன்ஸ்டானை இன்றே நிறுத்துங்கள். கேப்சூல் விஷயம் அப்படியல்ல. பயத்தில் அதைக் குப்பையில் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வதுதான் செய்யக் கூடாத காரியம். ஓர் ஆண்டாக ஸ்டீராய்டு உள்ளே போயிருந்தால், உடல் தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு குறைந்திருக்கும். திடீரென்று நின்றால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து வரும். ஆகவே பாக்கெட்டோடு கொண்டு போய் மருத்துவர் மேசையில் வையுங்கள். எத்தனை மாதம், நாளுக்கு எத்தனை என்று சொல்லுங்கள். திட்டு விழுமே என்று கணவர் தயங்குவார், விழட்டும். பாக்கெட்டில் ‘MAL’ எழுத்துகளும் எட்டு இலக்கமும் கடைசியில் ‘T’யும் உள்ள பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்; பாரம்பரிய மருந்துக்கு அது கட்டாயம். எண் இருந்தாலும் போலியா என்று, மருந்துகளைப் பதியும் அரசாங்க அமைப்பான என்பிஆர்ஏவின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம்.

முழங்காலுக்கு இப்போதைக்குப் பாரசெட்டமோல் 500 மில்லிகிராம் இரண்டு மாத்திரை, ஆறு மணி நேர இடைவெளி விட்டு. நாளுக்கு எட்டைத் தாண்டக் கூடாது. கல்லீரல் கோளாறோ குடிப்பழக்கமோ இருந்தால் இந்த அளவும் அதிகம், மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஒரே முதலாளியிடம் ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 22 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் தங்க வேண்டி வந்தால் அதற்கென்று 60 நாள். மருத்துவர் தரும் விடுப்புச் சான்று (எம்.சி.) வேண்டும், 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. இருபது ஆண்டு உழைத்த மண்டோர் ஒரு நாள் கூலிக்குப் பயந்து இரத்தம் இழக்க வேண்டியதில்லை.

இனி மணத்தக்காளிக்கு வருவோம்

முதலில் உங்கள் மகளின் பயம். இணையத்தில் அவள் பார்த்தது பெல்லடோனா என்ற ஐரோப்பியச் செடியாக இருக்கும். மணி போல் தொங்கும் ஊதாப் பூவும், தனித்தனியாகக் காய்க்கும் பெரிய கரும்பழமும் கொண்டது; நம் தோட்டப்புறத்தில் தானாக முளைப்பதில்லை. மணத்தக்காளிக்கு ஐந்து இதழ் வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள். பட்டாணியைவிடச் சிறிய காய்கள் ஒரே காம்பில் கொத்தாகத் தொங்கும், பழுத்தால் கருநீலம். முள் கிடையாது. மலாய்க்காரர்கள் ‘ரந்தி’ என்பது இதைத்தான். இதே இனத்தில் பழம் ஆரஞ்சுச் சிவப்பாகப் பழுப்பதும் உண்டு, ஊரில் அதையும் கீரையாகச் சமைப்பார்கள். காயைக் காகித விளக்குப் போல ஓர் உறை மூடியிருந்தால் அது மணத்தக்காளி அல்ல, சொடக்குத் தக்காளி. பிள்ளைகள் நாக்கைக் கறுப்பாக்கிக்கொள்ளும் செண்டுடுக் பழமும் வேறு. அது ஊதாப் பூப் பூக்கும் புதர், அதன் இலையை மலாய் மருத்துவத்தில் வயிற்றோட்டத்துக்குப் பயன்படுத்துவார்கள்.

ஆக, விஷச்செடி என்பது தவறு. ‘நாங்கள் காலங்காலமாகச் சாப்பிட்டது, ஒன்றும் செய்யாது’ என்ற மாமியாரின் பேச்சும் முழுச் சரியில்லை. பச்சைக் காயில் சொலனைன், சொலமார்ஜின் போன்ற கசப்பு நஞ்சுகள் அதிகம். பழுக்கப் பழுக்க அவை குறைந்துவிடும். உங்கள் பேரனுக்கு வந்த வாந்தி அதனால்தான் இருக்க வேண்டும், கண்ணேறு அல்ல. தின்ற சில மணி நேரத்தில் தொடங்கும். வயிற்று வலி, பேதி, தலைவலி, தூக்கக் கலக்கம் வரலாம். குழந்தை சோர்ந்து மயங்கினாலோ வாந்தி நிற்காவிட்டாலோ உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இந்தோனேசியத் தொழிலாளர்கள் இதே காயை ‘லெயுஞ்சா’ என்று பச்சையாகவே சம்பாலோடு கடித்துச் சாப்பிடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உண்மைதான். செடிக்குச் செடி, மண்ணுக்கு மண் நஞ்சின் அளவு மாறும், பெரியவர் உடம்பும் தாங்கும். ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

மரபு மருத்துவம் இதைக் குளிர்ச்சி என்று வகுத்து, வாய்ப்புண்ணுக்கும் குடற்புண்ணுக்கும் உணவாகவே கொடுத்தது. நவீன ஆய்வும் இதைப் புறக்கணிக்கவில்லை. 2006இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில், பழத்திலிருந்து எடுத்த சாரம் எலிகளின் இரைப்பைப் புண்ணைக் குறைத்தது, அமிலச் சுரப்பையும் அடக்கியது. திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையத்தார் இலையிலிருந்து ‘உட்ரோசைடு-பி’ என்ற பொருளைப் பிரித்து, கல்லீரல் புற்று அணுக்களை அது அழிப்பதை 2016இல் வெளியிட்டார்கள். இதையெல்லாம் யாராவது வாட்ஸ்அப்பில் உங்களுக்கு அனுப்பியிருப்பார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். அந்த அல்சர் ஆய்வில் எலிக்குக் கொடுத்தது உடல் எடை கிலோவுக்கு 200, 400 மில்லிகிராம் சாரம். எலி அளவை மனித அளவாக்க ஏறக்குறைய ஆறால் வகுப்பார்கள். 65 கிலோ எடையுள்ள ஆளுக்கு நாளொன்றுக்கு 4 கிராம் வரை, அதுவும் கரைப்பானில் இறக்கிச் சுண்டவைத்த சாரம் வேண்டும். ஒரு கைப்பிடி பழத்தையும் ஒரு கிளாஸ் சாற்றையும் அதோடு ஒப்பிடவே முடியாது. மனிதரின் இரத்தம் கசியும் புண்ணை இது ஆற்றும் என்று காட்டிய சோதனை எதையும் நம்பி நான் உங்களுக்குச் சொல்ல முடியாது. சர்க்கரைக்கும் அப்படியே. மெட்ஃபோர்மினைக் குறைக்கும் எண்ணமே வேண்டாம்.

பச்சைச் சாற்றை நிறுத்திவிடுங்கள். காலையில் குமட்டுவதைப் ‘பித்தம் வெளியேறுகிறது’ என்று மாமியார் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். வெறும் வயிற்றில் இறங்கும் பச்சை இலையின் கசப்புப் பொருள்கள் இரைப்பையை உறுத்துகின்றன, அவ்வளவுதான். இன்னொரு சங்கதி, கீரை எங்கே பறிக்கிறீர்கள்? ‘தோட்டத்து ஓரத்தில், சாக்கடை மேட்டில்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் தடை. ஆனால் கிளைஃபோசேட், குளூஃபோசினேட் என்ற வேறு களைக்கொல்லிகளைச் செம்பனை வட்டத்தைச் சுற்றி இன்றும் அடிக்கிறார்கள். கிளைஃபோசேட் செடிக்குள்ளேயே ஊடுருவுவது. ஏழு தண்ணீரில் கழுவினாலும் போகாது. மருந்தடித்த முதல் சில நாள் இலை பச்சையாகவேதான் இருக்கும். என்றைக்கு எந்த பிளாக்கில் மருந்தடிப்பு என்று மண்டோருக்குத் தெரியாதா? சாக்கடை ஓரக் கீரையில் எலி மூத்திரத்தால் பரவும் கிருமி வேறு. பச்சையாக அரைத்துக் குடிப்பது அதற்கு வாசலைத் திறந்து வைப்பது போல.

வீட்டிலேயே வளர்த்துவிடுங்கள், சிரமமில்லை. நன்றாகப் பழுத்த பழத்தைத் தண்ணீரில் பிசைந்து, அடியில் தங்கும் விதையை எடுத்து நிழலில் உலர்த்துங்கள். அரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் புதைத்தால் முளைக்காமல் போகும். ஒன்றிரண்டு வாரத்தில் முளைவிடும். பாலிபேக்குக்கு ஒரு செடி. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் நுனியைக் கிள்ளத் தொடங்கலாம், கிள்ளக் கிள்ளக் கிளைக்கும்.

சமைக்கும் முறை மாமியாருக்குத் தெரியாததல்ல. நான் சொல்வது புண்ணுள்ள வயிற்றுக்கான மாற்றம் மட்டும். மருத்துவர் சாதாரணச் சாப்பாட்டுக்கு அனுமதித்த பிறகு செய்யுங்கள். இளம் இலை இரண்டு கைப்பிடி. கொதிக்கும் தண்ணீரில் மூன்று நான்கு நிமிடம் போட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். சொலனைன் சூட்டில் எளிதில் அழியாது, ஆனால் தண்ணீரில் கொஞ்சம் இறங்கும், கசப்பும் குறையும். பிறகு வெந்த பாசிப்பருப்பு கால் கப், ஐந்தாறு சின்ன வெங்காயம், அரைத் தேக்கரண்டி சீரகம், இரண்டாம் தேங்காய்ப்பால் ஒரு கப். மிளகாயும் புளியும் இப்போது வேண்டாம். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் போதும். அன்று பறித்ததை அன்றே சமைத்து அன்றே தீர்ப்பது நல்லது. வாசலில் பழுத்த பழம் நாலைந்து வாயில் போட்டுக்கொள்வதில் தப்பில்லை. வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தால் கீரையைச் சமைத்த உணவாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சாறும் பொடியும் வேண்டாம்.

கணவரின் வாய்ப்புண்ணுக்குக் கீரை மட்டும் போதாமல் போகலாம். மெட்ஃபோர்மினைப் பல ஆண்டு எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையும், அதனால் வாயும் நாக்கும் புண்ணாகும். கீரையில் ஃபோலேட் உண்டு, இரும்பு உண்டு, பி12 துளியும் கிடையாது. இரத்தம் எடுக்கும்போது பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

விற்பது பற்றி

வற்றலை உணவாக விற்கலாம். ‘அல்சர் குணமாகும்’ என்ற ஒரு வரியைச் சேர்த்த கணமே அது மருந்தாகிவிடும். என்பிஆர்ஏ பதிவு இல்லாமல் விற்பது குற்றம். அதிலும் சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீரகம், புற்றுநோய் போன்றவற்றுக்கு மருந்து என்று விளம்பரம் செய்வதையே 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டம் தடுக்கிறது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் விளம்பரம்தான். உணவாக விற்பதற்கு, வீட்டுச் சமையலறையைச் சுகாதார அமைச்சில் பதிந்து, உணவு கையாளுவோர் பயிற்சியும் தைஃபாய்டு ஊசியும் முடித்து, பாக்கெட்டில் மலாயில் பொருளின் பெயர், சேர்மானம், எடை, உங்கள் முகவரி போட்டால் நிம்மதியாக வியாபாரம் செய்யலாம். இலைப்பொடி யோசனையைக் கைவிடுங்கள். கரண்டி கரண்டியாகத் தண்ணீரில் கலந்து குடிப்பார்கள், அளவை நீங்கள் கட்டுப்படுத்த முடியாது.

வற்றலுக்கு வருவோம், அதில்தான் நம் ஊர் மழை சதி செய்யும். முற்றிய காய் 250 கிராமை லேசாக நசுக்கிக் கழுவி, 200 மில்லி கெட்டி மோரில் இரண்டு தேக்கரண்டி உப்புப் போட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். காலையில் காயை மட்டும் எடுத்து வெயிலில் பரப்பி, மாலையில் மறுபடி அதே மோரில் போடுங்கள். மோர் முழுதும் இழுக்கும்வரை மூன்று நான்கு நாள் இப்படிச் செய்து, பிறகு உடைத்தால் ‘டக்’கென்று ஒடியும்வரை காயவிட வேண்டும். பேராவில் மத்தியானம் மூன்று மணிக்கு மழை வந்தால் பாதி காய்ந்தது அப்படியே பூஞ்சை பிடிக்கும். சாம்பல் நிறமோ முடை நாற்றமோ தெரிந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள், பொறுக்கி எடுத்து விற்காதீர்கள். மழைக்காலத்தில் ஓவன் அடுப்பில் 60, 70 டிகிரியில், கதவைச் சற்றுத் திறந்து வைத்துக் காயவைப்பது பாதுகாப்பு. உங்கள் கணவருக்கு மட்டும் இந்த உப்பும், வற்றல் குழம்பின் புளியும் மிளகாயும் புண் ஆறும்வரை வேண்டாம்.

கடைசியாக நீங்கள் எழுதிய அந்த வரி

மாமியாரின் கன்னத்துப் புண். சாதாரண வாய்ப்புண் ஏழு நாளில், மிஞ்சினால் இரண்டு வாரத்தில் தானே ஆறிவிடும். மணத்தக்காளிக் கீரைக்குக் கிடைத்த பெயரில் பாதி அப்படிக் கிடைத்ததுதான். இரண்டு மாதம் ஆறாத புண் அந்தக் கணக்கில் வராது. அவர் வெற்றிலை பாக்கு போடுபவரா என்று நீங்கள் எழுதவில்லை. போடுபவரென்றால், அதுவும் புகையிலையோடு என்றால், ஒரு நாளும் தள்ளக் கூடாது. மலேசியாவில் வாய்ப்புற்று இந்தியப் பெண்களிடம் அதிகமாகக் காணப்படுவதற்கு அந்தப் பழக்கம் முக்கியக் காரணம். ஆரம்பத்தில் வலியே இருக்காது; வலியில்லை என்பதால்தான் கீரையை அடக்கிக்கொண்டு காலம் கடத்துவார்கள். விரலால் தொட்டால் புண்ணின் ஓரம் தடித்துக் கெட்டியாக இருக்கிறதா, சுற்றிலும் வெள்ளையோ சிவப்போ திட்டு உண்டா, வாயை முழுதாகத் திறக்க முடிகிறதா, கழுத்தில் கட்டி தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். இவை எதுவும் இல்லாவிட்டாலும் காட்டத்தான் வேண்டும். கூர்மையான பல்லோ பொருந்தாத பல்செட்டோ உரசி வந்த புண்ணாகவும் இருக்கலாம், அப்படியிருந்தால் பல்லைச் சரிசெய்ததும் ஆறிவிடும். எது என்று சொல்ல, அரசாங்கப் பல் மருத்துவக் கிளினிக்கில் பார்த்து, தேவைப்பட்டால் ஒரு சின்னத் துண்டு எடுத்துச் சோதிப்பார்கள்.

கணவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் அதே காரில் மாமியாரையும் ஏற்றிக்கொள்ளுங்கள். ‘மகனுக்குத் துணைக்கு வாங்க அத்தை’ என்று சொன்னால் மறுக்காமல் வருவார்.